பரோலில் வந்தவர் அடுத்த தெருவில்: கோவில் கமிட்டி என்ன செய்யலாம்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோவிலில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பு நடக்கிறது. சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்து சிறை சென்றவர் பரோலில் அடுத்த தெருவுக்கு வந்திருக்கிறார். குற்றவாளிகள் பட்டியலை எங்கே பார்ப்பது? அவர் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

பதில்: பட்டியலை நீங்கள் பார்க்க முடியாது. பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேடு 2007-ஆம் ஆண்டின் 32-ஆம் எண் சட்டப்படி உருவானது. அதிலுள்ள விவரத்தை வெளியிடுவது குற்றம். 2025 தொடக்கத்தில் நீதி அமைச்சர் குபாயி அதைப் பொதுமக்களுக்குத் திறக்கப்போவதாக அறிவித்தார். தனிநபர் தகவல் பாதுகாப்பு பற்றிய கேள்விகள் எழுந்ததால் தள்ளிப்போனது. திறந்தாலும் தண்டனை பெற்றவர் பெயர்தான் அதில் இருக்கும். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர் பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்தவரே. வழக்கே வராதவர் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்.

கமிட்டிக்கு வேறொரு வழி இருக்கிறது. உரிமை என்பதைவிடக் கடமை என்றே சொல்ல வேண்டும். பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொருவரையும் பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும். சம்பளம் வாங்காத தொண்டரும் சட்டத்தின் கண்ணில் ஊழியரே. தேவாரம் சொல்லித்தருபவர், மேளம் பழக்குபவர், வேன் ஓட்டுபவர், காவடி நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர், எல்லோரும் இதில் அடக்கம். ஒருவர் தானே விண்ணப்பிக்க நீதித் துறையின் படிவம் 8-ஐ நிரப்பி, புதிதாகச் சான்றொப்பமிட்ட அடையாள அட்டை நகலோடு அனுப்ப வேண்டும். இதோடு நிறுத்திவிடாதீர்கள். குழந்தைகள் சட்டத்தின்படி இன்னொரு பதிவேடும் உண்டு, சமூக மேம்பாட்டுத் துறையில். பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களின் பெயர்கள் உள்ள அதன் 'பி' பகுதியில் தன் பெயர் இல்லையென உறுதிசெய்ய விண்ணப்பிப்பவர் படிவம் 30 நிரப்ப வேண்டும். போலீஸ் நற்சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது இந்த இரண்டுக்கும் ஈடாகாது. பதில் வரத் தாமதமாகும், ஆகவே வகுப்பு தொடங்குமுன்பே அனுப்புங்கள். பதில் வரும்வரை யாரையும் பிள்ளைகளோடு தனியே விடாதீர்கள்.

இனி அந்த மனிதர். பரோல் என்பது தண்டனையின் மீதிதான், வெளியே கழிகிறது. குறிப்பிட்ட முகவரியில் தங்க வேண்டும், குறிப்பிட்ட இடத்துக்குப் போகக்கூடாது, இன்னாரைச் சந்திக்கக்கூடாது என்றெல்லாம் நிபந்தனை போடலாம். பின்னர் திருத்தவும் முடியும். பரோலில் இருப்பவர்களைக் கண்காணிக்கும் கம்யூனிட்டி கரெக்ஷன்ஸ் அலுவலகத்துக்குக் கமிட்டியின் பெயரில் எழுதுங்கள். வகுப்பு நாள், நேரம், பிள்ளைகள் வரும் வழி, அவர் வீட்டுக்கும் கோவிலுக்கும் உள்ள தூரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, கோவிலுக்கு வராதிருக்கும் நிபந்தனையைக் கேளுங்கள். "எங்களுக்குப் பயமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் அதிகாரிக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. மீறலைக் கண்டால் தேதியும் நேரமும் குறித்துத் தெரிவியுங்கள். அவரை மறுபடி சிறைக்கு அனுப்பவும் முடியும்.

பாதிக்கப்பட்ட சிறுமியின் குடும்பம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது என்றால் அவர்களுக்கும் ஒன்று சொல்லுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 299ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவர் பரோல் போர்டில் கருத்துச் சொல்ல இடம் தருகிறது. அதற்கு அவர்கள் முன்கூட்டியே எழுத்தில் விருப்பம் தெரிவித்து முகவரி கொடுத்திருக்க வேண்டும். வீடு மாறியதைத் தெரிவிக்காமல் விட்டால் அழைப்பு பழைய வாசலுக்கே போகும்.

படத்தை வாட்ஸ்அப்பில் போடவே வேண்டாம். நம் ஊரில் அவர் பெயரைச் சொன்னாலே சிறுமி யார் என்று தெரிந்துவிடும். அவளை அடையாளம் காட்டுவதைச் சட்டம் தடுக்கிறது. 2019-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பாதுகாப்பு 18 வயதுக்குப் பிறகும் தொடர வேண்டும் என்றது. மிரட்டலால் அவர் முகவரியை விட்டு ஓடினால், கண்காணிப்பவர்களுக்கும் அவர் இருக்கும் இடம் தெரியாமல் போகும்.

ஏதாவது ஒரு பிள்ளை, யாரைப் பற்றியாவது வாய் திறந்தால், அன்றே போலீஸில் சொல்லுங்கள். பிள்ளைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமலிருப்பது, மேலே சொன்ன 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி குற்றம். கமிட்டி கூடும்வரை காத்திருக்க வேண்டாம்.