‘டோண்ட் ஸ்பீக்’ பட்டியலில் ஏன் இல்லை? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் கல்லூரி முன்னாள் மாணவர்கள் சேர்ந்து தொண்ணூறுகளின் அமெரிக்க ஹிட் பாடல்களுக்கு என்று ஒரு மாலை நடத்துகிறோம். நூறு பாட்டு தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. பில்போர்டு இதழின் ‘ஹாட் 100’ ஆண்டிறுதிப் பட்டியல்களை எடுத்து, 1990 முதல் 1999 வரை ஆண்டுக்கு முதல் பத்து என்று கோத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: நோ டவுட்டின் ‘டோண்ட் ஸ்பீக்’ எங்கே, நடாலி இம்ப்ரூலியாவின் ‘டோர்ன்’ எங்கே? பத்தில் மட்டுமல்ல, நூறிலும் அவை இல்லை. இன்னும் இரண்டு சந்தேகங்கள். 1991 வரை ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை கைமாறிய முதலிடம், பிறகு மாதக்கணக்கில் ஒரே பாட்டிடம் நிற்கிறது. ரசனை மாறிவிட்டதா? ஒரு வாரம்கூட முதலிடம் பிடிக்காத லீஆன் ரைம்ஸின் ‘ஹவ் டூ ஐ லிவ்’ எப்படிப் பத்தாண்டுக்கே முதல் பாட்டு ஆனது?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

நீங்கள் கோத்ததில் பிழை இல்லை. ஓட்டை பட்டியலிலேயே இருக்கிறது. விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் சேர்த்து வாராவாரம் நூறு பாட்டை வரிசைப்படுத்திய பட்டியல் ‘ஹாட் 100’. கடையில் சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டாக, விற்பனைக்கு வராததை அது கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது என்பது அன்றைய விதி. 1998 டிசம்பர் 5 தேதியிட்ட இதழில்தான் அந்த விதியை எடுத்தார்கள். அதற்கு முன் நாடு முழுக்க வானொலியில் ஒலித்தாலும் சிங்கிள் இல்லையென்றால் இடம் இல்லை.

கேசட் காலத்தில் நாம் படத்தின் பெயரைச் சொல்லித்தான் வாங்கினோம். எல்லாப் பாட்டும் சேர்ந்து வந்தன. அமெரிக்கக் கடையில் ஆல்பம் தனி, அதிலிருந்து ஒரு பாட்டை மட்டும் எடுத்து விற்கும் சிங்கிள் தனி. தொண்ணூறுகளின் நடுவில் இசை நிறுவனங்கள் ஒரு கணக்குப் போட்டன. இரண்டு மூன்று டாலருக்குப் பாட்டைத் தனியாகக் கொடுத்தால், பதினைந்து டாலருக்கு மேல் விலையுள்ள ஆல்பத்தை எதற்கு வாங்குவார்கள்? எனவே பாட்டை வானொலிக்குக் கொடுத்தார்கள், கடைக்குக் கொடுக்கவில்லை.

‘டோண்ட் ஸ்பீக்’ அப்படி நிறுத்தி வைக்கப்பட்ட பாட்டு. வானொலி ஒலிபரப்பை மட்டும் எண்ணும் ‘ஹாட் 100 ஏர்பிளே’ பட்டியலில் 1996 டிசம்பர் தொடங்கி 16 வாரம் முதலிடம். அதே வாரங்களின் ‘ஹாட் 100’இல் அதன் பெயரே கிடையாது. அந்தப் பாட்டு வேண்டும் என்றவர்கள் ‘டிராஜிக் கிங்டம்’ ஆல்பத்தைத்தான் வாங்கியாக வேண்டும். அமெரிக்காவில் மட்டும் அதற்கு ஒரு கோடிப் பிரதிக்கான டைமண்ட் சான்றிதழ் கிடைத்தது. நிறுவனத்தின் கணக்கு பலித்தது. வரலாற்றுப் பதிவில் பள்ளம் விழுந்தது. தி கார்டிகன்ஸின் ‘லவ்ஃபூல்’, வில் ஸ்மித்தின் ‘மென் இன் பிளாக்’, ஷுகர் ரேயின் ‘ஃப்ளை’ எல்லாம் அதே பள்ளத்தில் விழுந்தவை. ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரின் தொடக்கப் பாடலுக்கு வேறு விதமான அநியாயம் நடந்தது. 1995இல் ஒலிபரப்புப் பட்டியலில் 8 வாரம் முதலிடம். சிங்கிள் கடைக்கு வந்தபோது அலை ஓய்ந்திருந்தது. ‘ஹாட் 100’இல் அது எட்டிய உச்சம் 17.

விதி மாறிய வாரத்தைப் பாருங்கள், விஷயம் பளிச்சென்று தெரியும். கூ கூ டால்ஸின் ‘ஐரிஸ்’ ஒலிபரப்பில் 18 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. டிசம்பர் 5 இதழில்தான் முதன்முதலாக ‘ஹாட் 100’க்குள் வருகிறது, நேராக 9ஆம் இடத்தில். அதுவே அதன் உச்சமாகவும் பதிவாகிவிட்டது. ‘டோர்ன்’ ஒலிபரப்பில் 11 வாரம் முதலிடம். கதவு திறந்தபோது இறங்குமுகத்தில் இருந்ததால் 42. இந்த 42ஐ மட்டும் பார்த்துவிட்டு அதைச் சுமாரான ஹிட் என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். படிக்கும்போது மனசு ஆறுவதில்லை.

இனி முதலிடம் நகராமல் நின்றது பற்றி. மாறியது ரசனை அல்ல, எண்ணும் முறை. 1991 நவம்பர் வரை ‘ஹாட் 100’ தொலைபேசியில் நடந்த வேலை. கடைக்காரரைக் கூப்பிட்டு, எது அதிகம் போகிறது என்று கேட்பார்கள். அவர் சொல்வது வரிசை. எத்தனை பிரதி என்பது அல்ல. வானொலி நிலையங்களும் தங்கள் பாட்டு வரிசையைத்தான் அனுப்பின. இதில் எங்கே கோணும் என்றால், புதுப் பாட்டை மேலே சொல்லும்படி நிறுவன ஆட்கள் கடைக்காரரை நச்சரித்துக்கொண்டே இருப்பார்கள். உச்சம் தொட்ட பாட்டு இன்னும் நன்றாக விற்றுக்கொண்டிருந்தாலும், ‘அது பழசு’ என்று அறிக்கையில் கீழே தள்ளப்படும். 1991இல் முதலிடம் தொட்ட பாட்டுகள் 25ஐத் தாண்டியதற்கு இது பெரிய காரணம்.

1991 நவம்பர் 30 இதழிலிருந்து இரண்டு இயந்திரங்கள் வந்தன. கல்லாவில் பார்கோடு படிக்கும் ஒவ்வொரு விற்பனையையும் சவுண்ட்ஸ்கேன் எண்ணியது. நிலையங்களின் ஒலிபரப்பைக் கணினியே கேட்டு, எந்தப் பாட்டு எத்தனை முறை என்று பிடிஎஸ் எண்ணியது. மக்கள் ஒரு பாட்டை மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எண்ணிக்கையாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டே பாய்ஸ் டூ மென்னின் ‘எண்ட் ஆஃப் த ரோட்’ 13 வாரம் நின்றது. விட்னி ஹூஸ்டனின் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ 14. மரையா கேரியும் பாய்ஸ் டூ மென்னும் சேர்ந்து பாடிய ‘ஒன் ஸ்வீட் டே’ 16. 1996இல் முதலிடம் கண்ட பாட்டுகள் பத்துகூட இல்லை.

துல்லியமான எண்ணிக்கை வந்ததும் அதற்கேற்ற உத்தியும் வந்தது. சிங்கிளைக் கையில் வைத்துக்கொண்டு, வானொலியில் பாட்டு பழுக்கும்வரை காத்திருந்து கடையில் இறக்கினால், முதல் வாரத்திலேயே விற்பனை கொட்டும். 1995 செப்டம்பரில் மைக்கேல் ஜாக்சனின் ‘யூ ஆர் நாட் அலோன்’ நுழைந்த வாரமே முதலிடம் பிடித்தது. ‘ஹாட் 100’ வரலாற்றில் அதுதான் முதல் முறை. அதே மாதம் மரையா கேரியின் ‘ஃபேண்டசி’, டிசம்பரில் ‘ஒன் ஸ்வீட் டே’. ஆகவே, 1991க்கு முந்தைய ‘முதலிடத்தில் இரண்டு வாரம்’ என்பதையும் 1996இன் ‘பத்து வாரம்’ என்பதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

‘ஹவ் டூ ஐ லிவ்’ கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. ஆண்டிறுதி, பத்தாண்டுக் கணக்குகள் உச்சத்தை மட்டும் பார்ப்பதில்லை, வாரா வாரம் சேர்ந்ததைக் கூட்டுகின்றன. 20 வாரம் கடந்த பாட்டு 50க்குக் கீழே இறங்கினால் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அந்த விதியையும் தாண்டி லீஆன் ரைம்ஸ் 69 வாரம் நின்றார். உச்சம் 2. மேலே நின்று வழிமறித்தது எல்டன் ஜானின் ‘கேண்டில் இன் த விண்ட் 1997’. இளவரசி டயானா மறைவுக்குப் பின் செப்டம்பர் 23 அன்று அமெரிக்கக் கடைகளுக்கு வந்த அந்த சிங்கிள், முதல் வாரத்திலேயே 34 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. முதலிடத்தில் 14 வாரம். ஒன்று பெருமழை, மற்றது ஒன்றேகால் ஆண்டு ஓயாத தூறல். ஒரு கவனம்: ‘ஹவ் டூ ஐ லிவ்’வை அதே 1997இல் டிரிஷா இயர்வுட்டும் பாடி வெளியிட்டார். ‘கான் ஏர்’ படத்தில் ஒலிப்பது அவருடையது. 69 வாரம் நின்றது லீஆன் ரைம்ஸின் பதிவு. பாடகி பெயரைச் சரிபார்த்த பிறகே பாட்டைச் சேருங்கள்.

‘மக்கரேனா’விலும் இதே சிக்கல். லோஸ் டெல் ரியோவின் அசல் முழுக்க ஸ்பானிய மொழி. 14 வாரம் முதலிடத்தில் இருந்தது, நடுவில் பெண் குரல் ஆங்கிலத்தில் பாடும் பேசைட் பாய்ஸ் மிக்ஸ். அது முதலிடத்துக்கு ஏறவே 33 வாரம் ஆனது. அசலைப் போட்டால் ஆடத் தயாராக நிற்பவர்கள் ஒரு நொடி தடுமாறிப் போவார்கள்.

உங்கள் நூறை இப்படித் திருத்தலாம். 1990 முதல் 1994 வரை ஆண்டிறுதிப் பட்டியலே போதும், பத்து பத்தாக எடுத்ததை வைத்துக்கொள்ளுங்கள். 1995 முதல் 1998 வரை நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டிறுதியில் ஆறு மட்டும் எடுங்கள். மீதி நான்கை ‘ஹாட் 100 ஏர்பிளே’யில் நீண்ட நாள் முதலிடத்தில் நின்றவற்றிலிருந்து நிரப்புங்கள். ‘டோண்ட் ஸ்பீக்’, ‘ஐரிஸ்’, ‘டோர்ன்’ மூன்றும் தாமாகவே உள்ளே வந்துவிடும். பில்போர்டின் பழைய இதழ்கள் கூகுள் புக்ஸில் பக்கம் பக்கமாகப் படிக்கக் கிடைக்கின்றன. ‘ஹாட் 100’ பக்கத்துக்கு அருகிலேயே ஒலிபரப்புக்கும் சிங்கிள் விற்பனைக்கும் தனித்தனிப் பட்டியல் இருக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரு பாட்டு எதனால் ஏறியது என்பது கண்ணுக்குத் தெரியும். இதழின் தேதியை மட்டும் நம்பிவிடாதீர்கள். கணக்கெடுத்த வாரம் அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முந்தையது. செப்டம்பர் 23இல் வெளியான எல்டன் ஜான் சிங்கிள் அக்டோபர் 11 தேதியிட்ட பட்டியலில் தோன்றுவது அதனால்தான்.

கடைசியாக 1999. பில்போர்டின் ஆண்டு அப்போது டிசம்பரில் தொடங்கி நவம்பரில் முடிந்தது. ஆண்டுக் கடைசியில் உச்சம் தொடும் பாட்டு இரண்டாகப் பிளந்துவிடும். சந்தானாவும் ராப் தாமஸும் சேர்ந்த ‘ஸ்மூத்’ 12 வாரம் முதலிடத்தில் இருந்தும் 1999இன் ஆண்டிறுதியில் 19ஆம் இடம்தான், 2000இல் 2ஆம் இடம். முதல் பத்து என்று வெட்டியதில் அது உங்கள் கையை விட்டுப் போயிருக்கும். அது முதலிடம் ஏறியது 1999 அக்டோபர் 23 இதழில். 1999இன் பத்தாவது பாட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘ஸ்மூத்’தை வையுங்கள்.