சோற்றை நிறுத்துவதற்கு முன் குளிசையைப் பாருங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 43 வயது. போன வருடம் தையில், மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் கீட்டோ உணவு தொடங்கி ஐந்து மாதத்தில் 9 கிலோ குறைந்தேன். வைகாசியில் எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் சடங்கு. சடங்கு முடியும் குளிர்த்தியன்று பொங்கல் சாப்பிட்டேன். மறுகா மாம்பழக் காலம், தங்கையின் கல்யாணம் என்று அப்படியே விட்டுப்போயிற்று. இந்த வருடச் சடங்கும் முடிந்துவிட்டது, 7 கிலோ திரும்ப ஏறிவிட்டது. முன்பு போல நாளைக்கே சோற்றை நிறுத்திவிடலாமா? தயிர் சாப்பிடலாமா? (மூன்று மாதத்துக்கு முன் சீனி வருத்தம் என்று சொல்லி மெட்ஃபோர்மினும் கிளிக்லசைடும் தந்திருக்கிறார்கள். பிரஷர் இல்லை.)
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் கடிதத்தை முதலிலிருந்து இன்னொரு தரம் வாசித்தேன். நாளைக்கே நிறுத்த வேண்டாம்.

போன வருடம் தொடங்கியபோது நீங்கள் குளிசை ஒன்றும் போடவில்லை. ஒரே நாளில் சோற்றை விட்டீர்கள், உடம்பு தாங்கியது. இப்போது கிளிக்லசைட் இருக்கிறது. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் குளிசை. நீங்கள் இரண்டு அகப்பை சோறு சாப்பிட்டீர்களா, மீனும் கீரையும் மட்டும் சாப்பிட்டீர்களா என்று அது பார்க்காது. மாவுச்சத்தை திடீரென்று நிறுத்திவிட்டு அதே அளவு குளிசையைப் போட்டால், இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கண் மங்கும். அப்படி வந்தால் கீட்டோ கெட்டுவிடுமே என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காதீர்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். கால் மணித்தியாலத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மெட்ஃபோர்மின் மட்டும் என்றால் இந்தப் பயம் பெரிதாக இல்லை. அதற்காக கிளிக்லசைடை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஒரு கிழமை காலையில் வெறும் வயிற்றிலும், மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் கழித்தும் சீனி பார்த்து, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். அதைக் காட்டி, “சோறு, பாண், இடியப்பம் குறைக்கப் போகிறேன், குளிசையின் அளவைப் பாருங்கள்” என்று நேரடியாகச் சொல்லுங்கள். கூட்டமான கிளினிக்கில் டொக்டருடன் பேச இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். எழுதியது கையில் இருந்தால் அது போதும். சிறுநீரகம், கொலஸ்ட்ரோல் சோதனைகளையும் அப்போதே கேளுங்கள். கீட்டோவில் சிலருக்குக் கெட்ட கொலஸ்ட்ரோல் நன்றாக ஏறிவிடுகிறது.

இன்னொன்று. எம்பாக்ளிஃப்ளோசின், டபாக்ளிஃப்ளோசின் என்று ‘ஃப்ளோசின்’ என முடியும் குளிசையைப் பிறகு எப்போதாவது தந்தால், கீட்டோவில் இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்தக் குளிசையும் கீட்டோவும் சேர்ந்தால் இரத்தம் அமிலமாகலாம். சீனி அளவு பெரிதாக ஏறாமலே இது நடப்பதால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சரி, டொக்டர் சம்மதித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தரம் படிப்படியாக இறங்குங்கள். முதல் கிழமை தேத்தண்ணிச் சீனி, பிஸ்கட், மாம்பழம் மூன்றையும் விடுங்கள். இராச் சாப்பாட்டில் பிட்டுக்குப் பதிலாக முட்டையும் வல்லாரைச் சம்பலும். அடுத்த கிழமை மத்தியானச் சோறு அரைக் கோப்பை. ஒரு கோப்பைச் சோற்றில் ஏறக்குறைய 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கீட்டோவில் ஒரு நாள் முழுவதற்கும் 20 முதல் 50 கிராம்தான். சோற்றை முழுதாக விடுவது மூன்றாம் கிழமை போதும். இப்படி மெதுவாக இறங்கினால், சீனி இறங்க இறங்க டொக்டரிடம் காட்டிக் குளிசையையும் குறைத்துக்கொண்டு வரலாம்.

சோற்றை விட்ட முதல் சில நாளில் இரண்டு கிலோ வேகமாகக் குறையும். அதில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது தீரும்போது தண்ணீரும் போய்விடும். அதோடு உப்பும் போவதால்தான் தலையிடி, சோர்வு, கால் பிடிப்பு எல்லாம். இப்போது கச்சான் காற்று வேறு அடிக்கிறது, வேர்வையிலும் உப்புப் போகும். உங்களுக்குப் பிரஷர் இல்லாததால், உப்புப் போட்ட மீன் சொதி ஒரு கோப்பை தினமும் குடிக்கலாம். அதன் பிறகு எடை மெதுவாகத்தான் குறைந்தாலும் மனம் உடையாதீர்கள், அப்போது குறைவதுதான் கொழுப்பு.

சீஸ், பட்டர் என்று கடைச் சாமான்களைத் தேடிக் காசு கரைக்க வேண்டாம். வாவி மீன், இறால், நண்டு, கத்தரிக்காய்ப் பாலாணம், முருங்கையிலை, பொன்னாங்காணி எல்லாம் உங்கள் அடுப்படியிலேயே இருக்கின்றன. கஜுவில் மட்டும் கவனம்: ஒரு கைப்பிடியிலேயே 8, 9 கிராம் மாவுச்சத்து வந்துவிடும்.

என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் கண்டிப்பான கீட்டோ தேவைதானா என்று எனக்குச் சந்தேகம். வீட்டில் எல்லோருக்கும் சோறு வடித்துக் கொடுத்துவிட்டு, தனக்கு மட்டும் வேறு சட்டி வைக்கும் பெண்களுக்கு இது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். மாவுச்சத்துக் குறைந்த உணவால் சீனியில் வரும் முன்னேற்றம் முதல் ஆறு மாதம் நன்றாகத் தெரிகிறது. ஒரு வருடமாகும்போது மற்ற உணவு முறைகளோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லாமல் போகிறது. பலரால் தொடர முடியாததும் அதற்கு ஒரு காரணம். மத்தியானம் அரைக் கோப்பைச் சோறு, மற்ற இரண்டு நேரமும் சோறும் மாவும் இல்லை என்று வைத்துக்கொண்டால் அதைக் கீட்டோ என்று சொல்ல முடியாது. ஆனால் எடையும் சீனியும் குறையும், அடுத்த குளிர்த்திப் பொங்கலில் ஒரு கரண்டி சாப்பிட்டாலும் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டி வராது. டொக்டரிடம் இந்த வழியையும் கேட்டுப் பாருங்கள்.

தயிர் சாப்பிடலாம். நம் எருமைத் தயிரில் ஒரு சின்னக் கோப்பைக்கு 5 கிராம் போலத்தான் மாவுச்சத்து. பாணி, சீனி போடாமல், ஒரு கல் உப்போடு சாப்பிடுங்கள்.