மீனின் வயதை மரபணு சொல்லுமா? கேள்வி பதில்

கடல் உயிர்களின் மரபணு, முதுமை பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கே (மண்டபம், முதுகலை மாணவி): அக்கா, விளைமீன் துடுப்பை வெட்டி டிஎன்ஏ வழியா வயது பார்க்கப்போறேன். ஏலக்கூடத்தில் எப்படி எடுப்பது?

ப: வால்துடுப்பில் நகத்தளவு போதும் தங்கச்சி. 2 மில்லி குழாயில் 95 சதவீத எத்தனாலில் போடு. திசு ஒரு பங்கு என்றால் எத்தனால் ஐந்து பங்குக்குக் குறையக்கூடாது. மறுநாள் எத்தனாலை மாற்று. திசுவிலிருந்து கசிந்த தண்ணீர் அதை நீர்த்துப்போகச் செய்திருக்கும். அப்படியே விட்டால் டிஎன்ஏ சிதையும். ஒவ்வொரு மீனுக்கும் நடுவில் கத்தரியை பிளீச்சிங் கரைசலில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசித் துடை. அடையாள எண்ணைப் பென்சிலால் தாளில் எழுதிக் குழாய்க்குள்ளேயே போடு. மார்க்கர் மை எத்தனால் பட்டதும் அழிந்துவிடும். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம். அது டிஎன்ஏவைப் புரதத்தோடு பிணைத்து நொறுக்கிவிடும்.

படிக்கப்போவது, டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் மேல் ஒட்டியிருக்கும் மீத்தைல் என்ற சிறு வேதிக்குழுவை. பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் மீத்தைல் இல்லாத சைட்டோசின் யுராசில் என்ற வேறு எழுத்தாக மாறும், மீத்தைல் உள்ளது மாறாது. வயது ஏற ஏறச் சில இடங்களில் மீத்தைல் கூடும், சில இடங்களில் குறையும். எவ்வளவு மாறினால் எத்தனை வயது என்பதை, வயது தெரிந்த மீன்களை வைத்துத்தான் கணக்கிட முடியும். இப்படி மீத்தைலிலிருந்து வயதைக் கணக்கிடும் முறையைத்தான் கடிகாரம் என்கிறோம். 2013இல் ஸ்டீவ் ஹோர்வாத் என்ற ஆய்வாளர் மனிதருக்கு அமைத்த கடிகாரம் 353 இடங்களைப் படிக்கிறது. அதற்கு அடிப்படை வயது தெரிந்த ஆயிரக்கணக்கான மாதிரிகள். ஏலக்கூடத்து விளைமீனின் வயதை உனக்கு யார் சொல்வார்கள்? முதலில் அதற்கு வழி பார். இன்னொன்று: துடுப்பு என்றால் எல்லா மீனிலும் துடுப்பே. தசையைக் கலக்காதே.

கே (பாம்பன், விசைப்படகு): எதுக்கும்மா இவ்வளவு செலவு? கத்தாழை மீன் தலையை உடைச்சா கல்லு இருக்கு. வரியை எண்ணினா வயசு.

ப: அண்ணே, செத்த மீனுக்கு நீங்கள் சொல்வது சரி, செலவும் குறைவு. ஆனால் குளிர்நாட்டுக் கடலில் வருடத்துக்கு ஒரு வரி தெளிவாக விழும். நம் கடலில் வெப்பம் அவ்வளவு ஏறி இறங்காது. முட்டையிடும் பருவமும் இரை குறையும் காலமும்கூட வரி போடும். ஒரே வருடத்தில் இரண்டு விழுந்தால் 4 வயது மீனை 8 என்று எண்ணிவிடுவோம்.

கே (அவரே): வாடைக்காத்து காலத்துல ஒண்ணு, கச்சான்காத்து காலத்துல ஒண்ணு. ரெண்டால வகுத்தா போச்சு.

கே (மண்டபம் மாணவி): தென்கடலுக்கும் (மன்னார் வளைகுடா) வடகடலுக்கும் (பாக் விரிகுடா) ஒரே கணக்கு வருமா அண்ணே?

ப: இரண்டு என்று நிரூபித்தால் தாராளமாக வகுக்கலாம். உயிருள்ள மீனுக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி போட்டு, கூண்டில் ஒரு வருடம் வளர்த்து, பிறகு கல்லை மெலிதாக அறுத்துப் புற ஊதா ஒளியில் பாருங்கள். மருந்து படிந்த இடம் மின்னும். அதற்கு வெளியே எத்தனை வரி என்று எண்ணினால் தெரிந்துவிடும். இதை ஒவ்வொரு இனத்துக்கும் தனியாகச் செய்யணும், தென்கடல் வடகடலுக்கும் தனித்தனியாக. கல்லைத் தப்பாக எண்ணி, அதை வைத்து டிஎன்ஏ கடிகாரம் அமைத்தால் கடிகாரமும் அதே தப்பைச் சொல்லும்.

தங்கச்சி, உனக்கு இதைவிட நல்ல வழி மண்டபத்திலேயே இருக்கிறது. மத்திய கடல்சார் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2010இல் அங்கே கடல் விராலைப் பொரிக்க வைத்தது. பொரிப்பகத்துக் குஞ்சுக்குப் பொரித்த நாள் பதிவில் இருக்கும். விளைமீனை விட்டு இதில் தொடங்கு. ஒரு எச்சரிக்கை: கூண்டு மீனைச் சிறு வயதிலேயே பிடித்துவிடுவார்கள். ஒரு வயது மீன்களை மட்டும் வைத்துப் பழக்கிய கடிகாரம் பத்து வயது மீனுக்கு ஏதோ ஒரு எண்ணைக் கொடுக்கும், அதை நம்பக்கூடாது. தாய்மீன்களின் துடுப்பையும் கேட்டு வாங்கு.

கே (ஏர்வாடி): கடல் அட்டை குடலைத் துப்பிவிட்டு மறுபடி வளர்க்கிறதே, அதற்கு முதுமை இல்லையா? சூப் குடித்தால் ஆயுசு கூடுமா?

ப: உறுப்பை மீண்டும் வளர்ப்பது வேறு, மூப்படையாமல் இருப்பது வேறு. சூப்பால் ஆயுள் கூடும் என்பதற்குச் சான்று இல்லை. 2001 முதல் கடல் அட்டை வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடித்தால், வைத்திருந்தால் வழக்கு.

கே (ராமநாதபுரம், கல்லூரி மாணவர்): குரோமோசோம் நுனியில் இருக்கும் டெலோமியரின் நீளத்தை அளந்தால் பேராமையின் வயது தெரியுமா?

ப: ஆமையைத் தொடும் முன் வனத்துறை அனுமதி. டெலோமியர் வயதைச் சொல்லாது. ஆய்வகச் சுண்டெலியின் டெலோமியர் மனிதனுடையதைவிட நீளம், அது வாழ்வதோ இரண்டு மூன்று வருடம்.

கே (கீழக்கரை): லாத்தா, எங்க உம்மும்மாவுக்கு 96 வயசு. குடும்ப மரபணுவா?

ப: ஓரளவு. ஃபாக்ஸோ3, ஏபிஓஇ இரண்டு மரபணுக்களின் சில வகைகள் நீண்ட ஆயுளோடு தொடர்புடையவை. ஆனாலும் டேனிஷ் இரட்டையர் ஆய்வில் ஆயுள் வேறுபாட்டில் மரபணுவின் பங்கு கால்வாசி அளவுக்குத்தான் வந்தது. காசு கொடுத்துப் பரிசோதிக்க வேண்டாம்.

கே (தொண்டி): கடல் அட்டை மாத்திரை இளமை தருமா?

ப: மேலே ஏர்வாடிக்காரருக்குச் சொன்னதுதான்.

கே (திருப்பாலைக்குடி): எத்தனால் கிடைக்காவிட்டால் ஃபார்மலின் ஊற்றலாமா?

ப: கூடாது. நீரற்ற சமையல் உப்பில் திசுவைப் புதைத்து வையுங்கள், ஆய்வகம் போய்ச் சேரும்வரை தாங்கும்.