எஸ்பிரெஸோ எந்திரத்துக்கு மரக் கைப்பிடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எந்திரத்தோடு வந்த கறுப்புப் பிளாஸ்டிக் பிடிக்குப் பதிலாக மரப்பிடி கடைந்து போட விரும்புகிறேன். கடைசல் பட்டறைக்காரர் முதலில் மரையின் அளவைக் கேட்கிறார். அதை எப்படி அறிவது?

பதில்: பட்டறைக்காரர் கேட்டது சரி. எந்த மரம் என்று யோசிப்பதற்கு முன்பே தீர்க்க வேண்டிய விஷயம் அது. காபித் தூளை நிரப்பிப் பொருத்தும் போர்ட்டாஃபில்டரின் கழுத்திலிருந்து பொதுவாக ஒரு மரைத்தண்டு நீண்டிருக்கும். பிடி அதில் திருகி ஏறும். 1961-இல் இத்தாலியின் ஃபேமா நிறுவனம் கொண்டுவந்த ஈ61 வகைத் தலை (போர்ட்டாஃபில்டரை மாட்டும், வெந்நீர் இறங்கும் பகுதி) இன்றும் பல நிறுவனங்களின் வீட்டு எந்திரங்களில் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலும் 12 மி.மீ. மரையைக் காணலாம். சிறிய எந்திரங்கள் சிலவற்றில் 10 மி.மீ. இருக்கும். ஆனால், எந்திரத்தின் பெயரை மட்டும் நம்பி மரத்தில் துளை போடாதீர்கள். பழைய பிடியைக் கழற்றித் தண்டின் விட்டத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்த பிறகு, மரையின் பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்து பாருங்கள்: 17.5 மி.மீ. வந்தால் அது 12 மி.மீ. தண்டின் வழக்கமான மரை, 15 மி.மீ. வந்தால் 10 மி.மீ. தண்டின் வழக்கமான மரை. மரத்திலேயே மரை வெட்டுவதானால் முன்னதற்கு 10.2 மி.மீ. துளையும் பின்னதற்கு 8.5 மி.மீ. துளையும் தேவைப்படும்.

பிடி கழல மறுத்தால், அதன் பின்முனையில் சிறு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். சில வகைகளில் அந்த மூடிக்குள் இருக்கும் நீண்ட போல்ட்தான் பிடியை இழுத்துப் பிடித்திருக்கும். அளவெடுப்பதில் துளியும் சந்தேகம் இருந்தால், போர்ட்டாஃபில்டரையே பட்டறையில் கொடுத்துவிடுவது மேல்.

கேள்வி: காரைக்குடியில் இடித்த பழைய வீட்டுப் பர்மா தேக்கு கொஞ்சம் கைவசம் உள்ளது. அது போதுமா, அல்லது கருங்காலி, புளி போன்ற கடின மரம்தான் வேண்டுமா?

பதில்: தேக்கு தாராளமாகப் போதும். பல ஆண்டுகள் கூரையின் கீழ் உலர்ந்த கட்டை இனிமேல் பெரிதாகச் சுருங்கவோ முறுக்கவோ போவதில்லை. ஈரமும் சூடும் மாறி மாறிப் படும் இடத்துக்கு இதைவிட நல்ல தகுதி கிடையாது. அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. தேக்கு நடுத்தரக் கடினம் உள்ள மரமே என்பதால், அதில் நேரடியாக வெட்டிய மரை, தினமும் இறுக்கித் தளர்த்தும் விசையில் தேய்ந்துவிடும். ஆகவே உள்ளே மரை வெட்டிய பித்தளைப் புஷ் (சிறு குழல்) ஒன்றைப் பதித்துவிடுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால், புஷ்ஷை ஒட்டுவதற்கு முன் துளையின் உட்புறத்தை அசிட்டோனில் நனைத்த துணியால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. பழைய உத்தரம் என்றால் உள்ளே ஆணி முறிந்து கிடக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். உளியின் வாய் போனால் பட்டறைக்காரர் உங்களைத்தான் திட்டுவார்.

புளியின் வைரம் பாய்ந்த நடுப்பகுதி, கசாப்புக் கடைக் கட்டையாகக் கத்தியைத் தாங்குகிற மரம். அதற்கு இந்த வேலை ஒரு பொருட்டே இல்லை. கருங்காலி அழகானது, கைக்குக் கனமாகவும் இருக்கும். ஆனால் அவசரமாக உலர்த்தினால் முனைகளில் மயிரிழை வெடிப்பு விடும் என்பதால், இரு முனைகளுக்கும் மெழுகு பூசி நிழலில் பொறுமையாக உலர்த்த வேண்டும். எந்த மரமானாலும் வாரம் ஒரு முறை எடை போட்டு, எடை மாறாமல் நின்ற பிறகே கடைசலுக்குக் கொடுங்கள். நார் பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். குறுக்கு நாராக அமைந்தால், போர்ட்டாஃபில்டரை இறுக்கும்போது என்றாவது ஒரு நாள் பிடி கழுத்தோடு ஒடியும்.

கேள்வி: கர்நாடகத்துச் சன்னபட்டணா பொம்மைகளிலும் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களிலும் உள்ளதுபோல வண்ண அரக்கு மெருகு போடலாமா?

பதில்: வேண்டாம். அந்த அரக்கு எப்படி ஏறுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தும்போது உரசலில் எழும் சூட்டிலேயே அது இளகி மரத்தில் படிகிறது. பிறகு தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். உரசல் சூட்டுக்கே இளகும் பூச்சு, 90 பாகைக்கு மேற்பட்ட வெந்நீர் பாயும் பித்தளைக் கழுத்தின் அருகில் நாள்தோறும் இருந்தால் ஒட்டும் தன்மை அடையும்; நீராவி பட்ட இடம் வெளுத்தும் போகும். மரச் சாமான்களுக்குப் போடும் பிரெஞ்ச் பாலிஷும் அரக்கையே அடிப்படையாகக் கொண்டது என்பதால் அதற்கும் இதே பதில்தான்.

டங் எண்ணெயோ (டங் மரக் கொட்டையின் எண்ணெய்), கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெயோ மெல்லிய பூச்சாகப் பல முறை போட்டு, ஒவ்வொரு பூச்சும் முழுதாகக் காய்ந்த பிறகு அடுத்ததைப் பூசுங்கள். பளபளப்பு குறைவாக இருக்கும். ஆனால் மங்கிய பிறகு வீட்டிலேயே மறுபடி பூசிக்கொள்ளலாம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். அது காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. தண்ணீரில் நனைத்தோ, வெளியே விரித்துக் காயவைத்தோ அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: கடைந்து வாங்கிய பிடி சில மாதங்களில் தானாகச் சுழல ஆரம்பித்துவிட்டது. புஷ் எபாக்ஸிப் பசையால் ஒட்டப்பட்டது என்றார்கள்.

பதில்: ஐந்து நிமிடத்தில் இறுகும் சாதாரண எபாக்ஸி சூட்டில் இளகும். காலையில் எந்திரத்தைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருக்கும் பழக்கம் உள்ளவர்கள் வீட்டில், போர்ட்டாஃபில்டர் அவ்வளவு நேரமும் தலையில் மாட்டியபடி சூடேறிக்கொண்டிருக்கும். அந்தச் சூடு தண்டு வழியாக நேராகப் புஷ்ஷுக்குத்தான் போகிறது. புஷ்ஷைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, உயர் வெப்பம் தாங்கும் எபாக்ஸியால் ஒட்டுங்கள். புஷ்ஷின் வெளிப்புறம் வழவழப்பாக இருந்தால் அரத்தால் சொரசொரப்பாக்குங்கள். இத்தோடு, மரத்தையும் புஷ்ஷையும் சேர்த்துக் குறுக்கே ஒரு மெல்லிய பித்தளை ஊசி அடித்துவிட்டால், பசை கைவிட்டாலும் பிடி சுழலாது. ஊசி மரைத்துளைக்குள் நீட்டிக்கொண்டிருக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிடியோடு சேர்த்துப் போர்ட்டாஃபில்டரைக் கழுவு பொடி கரைத்த வெந்நீரில் ஊறவைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். உலோகப் பகுதி மட்டும் முங்கினால் போதும்.

கேள்வி: உருண்டையாக இல்லாமல் அடிப்பக்கம் தட்டையாக உள்ள பிடி அழகாக இருக்கிறது. செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் மரை இறுகி நிற்கும் இடத்தில் தட்டைப் பக்கம் கீழே வர வேண்டும் என்ற தொல்லை கூடவே வரும். ஆகவே முதலில் உருண்டையாகக் கடைந்து, போர்ட்டாஃபில்டரில் முழுதாக இறுக்கிப் பென்சிலால் அடிப்பக்கத்தைக் குறித்த பிறகே தட்டையைச் செதுக்கச் சொல்லுங்கள். கால் சுற்று பிசகினால் கழுத்தில் மெல்லிய வாஷர் போட்டுச் சரிக்கட்டலாம். என்னைக் கேட்டால், உள்ளங்கை படும் இடத்தில் 32 மி.மீ. அளவுக்குப் பருத்து, கழுத்தருகே ஒடுங்கும் உருண்டைப் பிடியே கைக்கு இதமானது.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் தங்கைக்கு ஈட்டி மரத்தில் ஒரு பிடி செய்து அனுப்ப எண்ணியிருக்கிறேன். தடை உண்டா?

பதில்: ஈட்டி மரம், அது அடங்கிய டால்பெர்ஜியா பேரினத்தோடு சேர்த்து, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 2017 முதல் இருக்கிறது. முழுத் தடை இல்லையென்றாலும், எடையையும் பொருளையும் பொறுத்து விதிகள் மாறுகின்றன. பார்சலைக் கட்டுவதற்கு முன் கூரியர் நிறுவனத்திடம் மரத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். இந்த அலைச்சல் வேண்டாம் என்றால் அந்தப் புளியங்கட்டையிலேயே செய்து அனுப்புங்கள். தங்கைக்கு வித்தியாசம் தெரியாது.