பிரான்ஸில் கடலோரத்தில் குடும்பத்தோடு தங்க நல்ல காம்பிங்கை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பாரிஸ் புறநகரில் வசிக்கும் நீங்கள், 5 வயதிலும் 10 வயதிலும் உள்ள இரண்டு பிள்ளைகளையும் முழங்கால் வலியுள்ள மாமியாரையும் அழைத்துக்கொண்டு, கோடை விடுமுறையில் ஒரு வாரம் கடலோரக் காம்பிங்கில், அதாவது கூடாரம் அடித்தோ சிறு வீட்டை வாடகைக்கு எடுத்தோ தங்கும் முகாமில், தங்க விரும்புவதாகக் கேட்டிருக்கிறீர்கள். நட்சத்திரத்தைப் பார்ப்பதா, சறுக்குமரம் வைத்த நீச்சல் குளத்தைப் பார்ப்பதா, வாடகையைப் பார்ப்பதா என்பது உங்கள் குழப்பம். இவை மூன்றையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, எந்தக் கடல் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்பதே பல ஆண்டுகளாகக் குடும்பத்தோடு காம்பிங் போய்வரும் என்னுடைய பதில். பிள்ளைகள் நாளெல்லாம் விளையாடப் போவது அந்தத் தண்ணீரில்தான். காம்பிங்கில் நாம் பெரும்பாலும் சமைப்போம், உண்போம், உறங்குவோம், அவ்வளவே.

நட்சத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒன்று முதல் ஐந்து வரையிலான இந்தத் தரவரிசையை வழங்குவது ஆத்து பிரான்ஸ் என்ற அரசு சார்ந்த சுற்றுலா நிறுவனம். 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். கழிப்பறை, குளியலறை, வரவேற்பறை, விளையாட்டு வசதிகள் போன்றவற்றையே அது அளக்கிறது. கடற்கரை எப்படிப்பட்டது, அலை எவ்வளவு முரடானது, அங்கே போகும் வழி எப்படி என்பதையெல்லாம் நட்சத்திரம் சொல்லாது. ஐந்து நட்சத்திரக் காம்பிங்கிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளையை இறக்கவே முடியாத கடலுக்கு நடந்து போக நேரலாம்.

மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் என்பது அநேகமாக இல்லை. காலையில் விரித்த துண்டு மாலையிலும் தண்ணீரிலிருந்து அதே தூரத்தில் இருக்கும். வால்ராஸ், சேரிஞ்யான், லா கிராந்த் மொத் போன்ற இடங்களில் மணல் மெல்லச் சாய்ந்து இறங்குவதால் சிறுவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வெகுநேரம் நிற்கலாம், நீரும் இளஞ்சூடாக இருக்கும். தெற்கே ஸ்பெயின் எல்லைக்கு அருகிலுள்ள ஆர்ஜெலெஸ்-சுர்-மேரில் காம்பிங்குகள் வரிசையாக நிற்கின்றன. ரயில் நிலையமும் அங்கேயே உண்டு. இவ்வளவு சொன்ன பிறகு திராமோந்தான் காற்றையும் சொல்லியாக வேண்டும். அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. கரையோரத்தில் அலையே எழாமல் கடல் கண்ணாடி போலத் தெரியும். ஆனால் காற்றடைத்த மெத்தையிலோ ரப்பர் வளையத்திலோ மிதக்கும் பிள்ளையை அது ஓசையின்றி ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். காற்று வீசும் நாளில் அந்தப் பொருட்களைக் காரை விட்டு இறக்காமலிருப்பதே பாதுகாப்பு. இதே கடலின் தென்கிழக்குக் கரையான கோத் தசூர் பக்கம் கடல் அழகுதான். ஆயினும் அங்கே காம்பிங்குகள் பலவும் கரையைவிட்டு உள்ளே தள்ளியிருக்கின்றன, வாடகையும் அதிகம், ஆகஸ்டில் கரையோரச் சாலையில் கார் நகரவே நகராது.

அட்லாண்டிக் கரையில் ழிரோந்த், லாந்த் மாவட்டங்களைப் பற்றிக் கூடுதலாக எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் விளம்பரப் படங்களில் மிக அழகாகத் தெரிவதும், சிறு பிள்ளைகளுக்கு மிக ஆபத்தானதும் இந்தக் கடற்கரைதான். அலைகள் கரையிலேயே வந்து உடைந்து முதுகில் அறைகின்றன. அதைவிடப் பெரிய பொறி, உள்ளூரார் பாயீன் என்று அழைக்கும் நீர்க்குழி. கடல் வற்றும்போது மணல்திட்டுக்கும் கரைக்கும் நடுவே குட்டை போல நீர் தேங்கி நிற்கும். அலை இல்லை, ஆழம் இல்லை, பிள்ளைகளுக்கென்றே வெட்டியது போலிருக்கும். கடல் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தக் குட்டையின் நீர் ஒரு குறுகிய வாய்வழியே கடலுக்குப் பாய்கிறது. அந்த இழுப்பை எதிர்த்து நீந்தி வெல்லப் பெரியவர்களாலும் முடியாது. சிக்கியவர் எதிர்த்துப் போராடாமல் கையை உயர்த்திக் காட்டியபடி நீர் கொண்டுபோகும் திசையில் மிதந்து, இழுப்பு தணிந்த பிறகு பக்கவாட்டில் கரை திரும்ப வேண்டும் என்று கடற்கரையில் உயிர்காக்கும் காவலர்கள் சொல்லித் தருகிறார்கள். காவலர் உள்ள இடத்தில், அவர்கள் நட்ட இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டுமே இறங்க வேண்டும். 2022 முதல் அந்த எல்லைக் கொடிகள் மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக இருக்கின்றன. பல கடற்கரைகளில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மட்டுமே காவல் உண்டு என்பதையும், அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்குள்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்தப் பக்கமே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கே கடலுக்குப் பின்னால், பைன் காட்டுக்குள், பெரிய நன்னீர் ஏரிகள் இருக்கின்றன: லக்கானோ, கார்கான்-உர்த்தான், பிஸ்கரோஸ், சாங்கினே. ஏரிக்கரையில் மணல் உண்டு, அலை கிடையாது, சிறுவர்கள் வெகுதூரம் வரை கால் ஊன்றி நிற்கலாம். கார்கான் ஏரிக்கரையிலுள்ள மொபுயிசோனில் தங்கினால் மூத்த பிள்ளையைச் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெருங்கடலுக்கு மிதிவண்டிப் பாதையிலேயே அழைத்துப் போய் அலையைக் காட்டிவிட்டு வரலாம். இளையது ஏரியிலேயே இருக்கும்.

காட்டுக்குள் இருக்கும் காம்பிங் என்றால் தீயையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2022 ஜூலையில் லா தெஸ்த்-து-புஷ் காட்டில் தீப்பிடித்தபோது, பிலா மணல்மேட்டின் அடிவாரக் காம்பிங்குகளிலிருந்து சுமார் 6,000 பேரை இரவோடு இரவாக வெளியேற்றினார்கள். அந்தக் காம்பிங்குகள் பின்னர் எரிந்துபோயின. ஆகவே வெளியேறும் வழி எங்கே, கூடும் இடம் எங்கே என்பதை வந்த அன்றே பார்த்துக்கொள்ளுங்கள். கரி அடுப்பைப் பல இடங்களில் தடைசெய்திருக்கிறார்கள். காம்பிங் அமைத்திருக்கும் பொது அடுப்பில்தான் இறைச்சி சுட முடியும்.

உங்களைப் போன்ற குடும்பத்துக்கு இவற்றைவிட, அதே அட்லாண்டிக்கில் வடக்கே இருக்கும் வாந்தே, ஷராந்த்-மரித்தீம் மாவட்டக் கரைகளே பொருத்தம் என்பது என் கருத்து. சேன்-ஜான்-து-மோனில் 8 கிலோமீட்டர் நீள மணல் கரை மிகச் சாதுவாகச் சாய்கிறது, பின்னாலேயே பைன் காடு. ஒலெரோன் தீவில் மேற்குக் கரை முரட்டுக் கடல். கிழக்கே புவாயார்வில் பக்கம் நிலப்பரப்பை நோக்கியிருப்பதால் அமைதியான தண்ணீர். தீவுக்குள் போகும் பாலத்துக்குக் கட்டணமில்லை; பக்கத்து ரே தீவின் பாலத்துக்கு உண்டு. ஆனால் இங்கெல்லாம் கடல் நாளுக்கு இருமுறை வெகுதூரம் பின்வாங்கும். தண்ணீரைத் தேடி ஈர மணலில் நடக்க வேண்டியிருக்கும். வரவேற்பறையில் ஏற்றவற்ற அட்டவணை கிடைக்கும். நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் அன்றன்றைய வரியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வற்றிய நேரம் பிள்ளைகளுக்கு நண்டும் சிப்பியும் தேடும் நேரம் என்பதால் வீணாகாது.

பிரெத்தாஞ், நொர்மாந்தி பக்கம் கரைகள் அழகானவை, வெயில் கொளுத்தாது. நம் பிள்ளைகள் அந்தக் குளிர்ந்த நீரில் பத்து நிமிடத்தில் உதடு நீலமாகி வெளியே வந்துவிடுவார்கள். வட பிரெத்தாஞின் சில வளைகுடாக்களில் பச்சைப்பாசி ஒதுங்கி அழுகி நச்சு வாயு எழுவதும் உண்டு; அப்படி மூடப்பட்ட கரைகளில் அறிவிப்புப் பலகை இருக்கும்.

கடல் முடிவான பின்பு தூரம். 'கடற்கரை 300 மீட்டர்' என்ற விளம்பர வரியை அப்படியே நம்பாமல், வான்வழிப் படத்தில் காம்பிங்கின் வாசலிலிருந்து தண்ணீர் வரை விரலால் வழியைத் தொடர்ந்து பாருங்கள். நடுவே மாவட்ட நெடுஞ்சாலை குறுக்கிடுகிறதா, ரயில் தண்டவாளம் உண்டா, நிழலுண்டா என்பது அதில் தெரிந்துவிடும். அந்தப் படத்தில் தெரியாத ஒன்று மணல்மேட்டின் உயரம். லாந்த் கரையில் மேட்டின் மேல் ஏறி, மறுபக்கம் கணுக்கால் புதையும் மணலில் இறங்கித்தான் கடலை அடைய முடியும். குடை, தண்ணீர்ப் புட்டி, சாப்பாட்டுப் பை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மாலையில் அதே மேட்டில் திரும்ப ஏறவும் வேண்டும். முழங்கால் வலிக்கு 300 மீட்டர் மணல்மேட்டைவிட ஒரு கிலோமீட்டர் சமதரைப் பாதை நல்லது. 'ஆந்திபிளாஜ்' என்ற முத்திரை பெற்ற கடற்கரைகளில் மணலின் மேல் பாய்வழி விரித்திருப்பார்கள். திராலோ என்னும் மிதக்கும் சக்கர நாற்காலியும் பெரும்பாலும் இருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்காக ஏற்பட்ட அந்தப் பாதை உங்கள் மாமியாருக்கும் உதவும்.

கடலுக்கு மிக அருகில் இருப்பவை பெரும்பாலும் ஆடம்பரமற்ற பழைய காம்பிங்குகள்தான் என்பதைக் கவனித்திருப்பீர்கள். 1986-ஆம் ஆண்டின் கடலோரச் சட்டம் கரையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டுவதை மிகவும் கட்டுப்படுத்தியது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அவற்றுள் ஊராட்சியே நடத்தும் காம்பிங் முனிசிபால்கள் சில அருமையான இடங்களில் இருக்கின்றன. இரண்டு மூன்று நட்சத்திரம்தான், குளம் இருக்காது, இரவு ஆட்டபாட்டமும் குறைவு, வாடகையும் குறைவு. குளத்துக்காக அவற்றைத் தவிர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

குளத்தைப் பற்றி நம் குடும்பங்கள் முன்கூட்டியே அறிய வேண்டியது இது: ஆண்களும் சிறுவர்களும் உடலோடு ஒட்டிய குட்டை நீச்சலுடை அணிய வேண்டும், முழங்கால் வரை தொங்கும் அரைக்காற்சட்டை கூடாது, டி-ஷர்ட், சுடிதார் அணிந்த பெண்களையும் இறங்க விடமாட்டார்கள். கடற்கரையில் இப்படிப்பட்ட கெடுபிடி பொதுவாக இல்லை. மாமியார் சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் கால் நனைத்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இன்னொன்றையும் சங்கடத்தோடு சொல்லிவைக்கிறேன்: பெயரிலோ விவரத்திலோ 'நத்துரிஸ்த்' என்ற சொல் இருந்தால் அது ஆடையின்றி இருப்பவர்களுக்கான இடம். மோந்தாலிவே, காப் தாக்த் பகுதிகளில் அவை பெயர்பெற்றவை. மலிவாகக் கிடைத்ததென்று அவசரப்பட்டுப் பதிவு செய்யாதீர்கள்.

தங்குவதற்குக் கூடாரமா, காம்பிங்கிலேயே நிறுத்தியிருக்கும் சிறு வீடான மொபைல் ஹோமா என்றால், மாமியார் வருவதால் மொபைல் ஹோம்தான். எரிவாயு அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் இருக்கும், பாத்திரங்கள் மட்டும் சிறியவை. ஐந்து பேருக்குச் சோறு வடிக்க ஒரு பெரிய பானையைக் கையோடு கொண்டுபோங்கள். படுக்கை விரிப்புகள் பெரும்பாலும் தரமாட்டார்கள். கூடாரம்தான் என்று முடிவு செய்தால் மின்சாரம் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள்: 6 ஆம்பியர் என்றால் 1,380 வாட் அளவுக்குத்தான் தாங்கும், 700 வாட் சோற்றுக் குக்கர் ஓடும், 2,000 வாட் கெட்டிலைச் சொருகிய உடனே மின்சாரம் போய்விடும். வாந்தே பக்கம் போனால் சேன்-ழில்-குரோவா-து-வீயின் மத்தி மீன் பேர்போனது. அந்தப் பானையிலேயே குழம்பும் வைக்கலாம்.

வாடகை ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உச்சத்தில் இருக்கும்; ஆகஸ்ட் கடைசி வாரத்தில் நன்றாக இறங்கிவிடும், கடல் நீரோ அப்போதும் சூடாகவே இருக்கும். உங்கள் வருமானக் கணக்கீட்டைப் பொறுத்து, குடும்ப உதவித்தொகை அலுவலகமான கஃப், வாகாஃப் என்ற திட்டத்தின் வழியாக வாடகையின் ஒரு பகுதியைத் தானே செலுத்தலாம். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் விதி வேறு, ஒதுக்கிய பணம் தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்பதால், ஆண்டுத் தொடக்கத்திலேயே உங்கள் கஃப் கணக்கைத் திறந்து பாருங்கள். அதில் இணைந்த காம்பிங்கில்தான் இது செல்லும். வேலையிடத்தில் ஷெக் வக்கான்ஸ் என்ற விடுமுறைச் செலவுக்கான காசோலைகளைத் தருவார்களானால் அதையும் ஏற்பார்களா என்று கேளுங்கள். சுற்றுலா வரி தனியாக வரும். 18 வயதுக்குட்பட்டோருக்கு அது இல்லை. சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை என்றே பலரும் வாடகைக்கு விடுவதால், சாலை நெரிசலை முன்கூட்டியே சொல்லும் அரசுச் சேவையான பிசோன் ஃப்யூத்தே கறுப்பு (மிகக் கடும் நெரிசல்) என்று அறிவிக்கும் சனிக்கிழமைகளில் நெடுஞ்சாலையிலேயே பாதி நாள் கழிந்துவிடும். ஞாயிறு அல்லது வாரநாளில் வர அனுமதிக்கும் இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், ஆகஸ்ட் கடைசி வாரத்துக்குப் புவாயார்வில் பக்கம் ஒன்றும் சேன்-ஜான்-து-மோனில் ஒன்றுமாக இரண்டு காம்பிங்குகளைக் குறித்துக்கொண்டு, பிப்ரவரி, மார்ச்சிலேயே தொலைபேசியில் அழைப்பேன். அந்த மாதங்களில் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு நிதானமாகப் பேச நேரமிருக்கும். இசை நிகழ்ச்சி நடக்கும் மதுக்கூடத்திலிருந்து விலகியும், பிற்பகலில் நிழல் விழும்படியும், கழிப்பறைக்கு அதிகம் நடக்காமலும் உள்ள இடங்களின் எண்களைக் கேட்டு, கிடைத்த எண்ணை முன்பணம் கட்டும்போது எழுத்தில் உறுதி செய்யச் சொல்லுங்கள்.