பல்கலைக்கழக அஞ்சல் வழங்கி கடிதத்தை மாற்றினால் கையொப்பம் ஏன் செல்லாததாகிறது?

வளாக அஞ்சலை வெளிக் கணக்குக்கு முன்னனுப்பும்போது மட்டும் டிகேஐஎம் சோதனை (கடிதம் வழியில் மாறவில்லை என்பதை அனுப்பிய தளத்தின் மின்கையொப்பத்தால் சரிபார்க்கும் முறை) தோற்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். 2011இல் வெளியான ஆர்எஃப்சி 6376 தரநிலைப்படி, அனுப்பும் வழங்கி கடித உடலின் ஹாஷ் மதிப்பை (உள்ளடக்கம் சற்று மாறினாலும் மாறிவிடும் சுருக்கக் குறியீட்டை) கணித்துக் கடிதத்தின் தலைப்புப் பகுதியில் (header) பதிக்கிறது. ஆகவே இடையிலுள்ள வடிகட்டி "வெளியிலிருந்து வந்த அஞ்சல்" என்ற ஒரு வரியைச் சேர்த்தாலும், சொடுக்கும் நேரத்தில் சோதிப்பதற்காக இணைப்புகளைத் தன் முகவரி வழியே திருப்பிவிட்டாலும், அந்த மதிப்பு பொருந்தாது. வளாக வழங்கி பொதுவாகச் சரிபார்த்த பின்னரே மாற்றுவதால் உள்ளே சிக்கல் தெரிவதில்லை. மாற்றிய கடிதத்தைப் பெறும் அடுத்த வழங்கிதான் அதை ஐயுறுகிறது. பிஜிபி என்ற குறியாக்க முறையில் அனுப்புபவரே கையொப்பமிட்ட பகுதியைத் தொட்டாலும் இதே கதிதான் (அனுப்பியவர்மீது வீண்பழி வேறு!). 2019இல் சோதனைநிலைத் தரமாக வந்த ஏஆர்சி என்ற முறை, இடையிலுள்ள வழங்கி மாற்றுவதற்கு முன் செய்த சோதனையின் முடிவைச் சான்றாகக் கடத்துகிறது; ஆனால் பெறும் வழங்கி உங்கள் பல்கலைக்கழக வழங்கியை நம்பினால்தான் அது பயன்படும். எனவே முன்னனுப்புவதைவிட ஐமேப் (வழங்கியிலுள்ள அஞ்சலை அஞ்சல் செயலியில் படிக்க உதவும் நெறிமுறை) வழியாக நேரடியாகப் படிப்பதே நல்லது.