ஒரே ஒரு வெற்றிக்காக மட்டும் நினைவில் நிற்கும் விளையாட்டு வீரர் யார்?

எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் ஜாக் ஃப்ளெக். கோல்ஃப் மட்டையை நான் கையில் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் இவர் கதையை யாராவது கேட்டால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1955ஆம் ஆண்டு. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் டாவன்போர்ட் ஊரில், நகராட்சி கோல்ஃப் மைதானத்தைக் கவனித்துக்கொள்வதுதான் ஃப்ளெக்கின் பிழைப்பு. 33 வயது. பெரிய போட்டி எதையும் வென்றதில்லை. அந்தக் காலத்தின் ஜாம்பவான் பென் ஹோகன். 1949இல் அவருடைய கார்மீது பேருந்து மோதியது. இனி நடப்பதே சந்தேகம் என்ற நிலையிலிருந்து எழுந்து வந்தவர். கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்றான யு.எஸ். ஓப்பனை, விபத்துக்கு முன்னும் பின்னுமாக மொத்தம் நான்கு முறை வென்றவர். மட்டை தயாரிக்கும் நிறுவனமும் தொடங்கியிருந்தார். அந்த மட்டைகளைக் கேட்டு வாங்கி ஆடியவர்களில் ஒருவர் நம்ம ஃப்ளெக்.

அந்த வருட யு.எஸ். ஓப்பன் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் கிளப்பில் நடந்தது. கோல்ஃபில் குறைவாக அடித்தவருக்குத்தான் வெற்றி. ஹோகன் நான்கு சுற்றையும் 287 அடிகளில் முடித்துவிட்டார். ஐந்தாவது பட்டம் கையில் வந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் வாழ்த்தே சொல்லி ஒளிபரப்பை முடித்துக்கொண்டார்கள். ஃப்ளெக் அப்போது இன்னும் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தார்! முதல் சுற்றில் 76 அடித்த ஆளை யார் கணக்கில் எடுப்பார்கள்? சரி, அவர் என்ன செய்தார் தெரியுமா? கடைசி நான்கு குழிகளில் இரண்டை, அவற்றுக்கு வகுத்த அடிகளைவிட ஓர் அடி குறைவாக முடித்து, அந்தச் சுற்றை 67இல் நிறைவு செய்தார். அவருக்கும் 287.

மறுநாள் இருவர் மட்டும் ஆடிய 18 குழி ஆட்டம். பத்து குழி முடிந்தபோது ஃப்ளெக் மூன்று அடி முன்னிலை. ஹோகன் விடாமல் துரத்தி, கடைசிக் குழிக்கு வரும்போது வித்தியாசத்தை ஒன்றாக்கிவிட்டார். அங்கே பந்தை அடிக்கும்போது அவருக்குக் கால் வழுக்கியது. பந்து அடர்ந்து வளர்ந்த புல்லுக்குள் போய் விழுந்தது. வெளியே எடுக்கவே மூன்று அடி. ஃப்ளெக் 69, ஹோகன் 72. தன் மட்டைகளாலேயே தோற்ற ஹோகன், ஃப்ளெக்கின் மட்டை சூடாகிவிட்டதுபோலத் தொப்பியால் விசிறுகிற படம் ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டுப் படம் அதுதான்.

இதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்பார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரு நாள் அதிர்ஷ்டம் என்றால் சரி. சனிக்கிழமை 67, ஞாயிற்றுக்கிழமை 69 என்று அடுத்தடுத்து வருமா? அப்புறம் 1960 யு.எஸ். ஓப்பனிலும் அவர் மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஆர்னால்டு பால்மர் வென்றாரே, அந்தப் போட்டி. அதே வருடம் ஃபீனிக்ஸ் ஓப்பன், மறுவருடம் பேக்கர்ஸ்ஃபீல்டு ஓப்பன் என இரண்டு வெற்றிகள். 1979இல் மூத்த தொழில்முறை கோல்ஃப் வீரர்களுக்கான பி.ஜி.ஏ. பட்டமும் அவருடையதே. ஆனால் 2014இல் 92 வயதில் இறந்தபோதும் ‘ஹோகனைத் தோற்கடித்தவர்’ என்றுதான் செய்தி வந்தது.

ஹோகனுக்கு அந்த ஐந்தாவது பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை.